புது காபி வறுக்கும் மெஷின் வந்துவிட்டது, ஃபில்டர் காபிக்கு எங்கிருந்து தொடங்குவது?

கோவை_கமலி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாள் யோசித்து ஜீன் கஃபே மெஷின் வாங்கிவிட்டோம். கண்ணாடி உருளை, 300 கிராம் வரை கொள்ளும், 1300 வாட். எங்கள் வீட்டில் காலையும் மாலையும் ஃபில்டர் காபிதான், பால் சேர்த்து. கடைப் பொடி டப்பாவைத் திறந்த நாலைந்து நாளிலேயே வாசனை இறங்கிவிடுகிறது. வாரா வாரம் தேவையான அளவு மட்டும் வறுத்து அரைத்துக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம்.

முதலில் கொட்டை போடாமல் வெறும் மெஷினை ஓட்டி, புது மெஷினின் வாடையைப் போக்கினேன். அப்புறம் ஏற்காடு பிளான்டேஷன் ஏ (கழுவிப் பதப்படுத்திய அராபிகா கொட்டையில் ஒரு தரம்) 250 கிராம் போட்டு, 240 டிகிரியில் 20 நிமிடம். மாலை ஏழு மணி இருக்கும். வெளியே வந்தது 223 கிராம். வெளிர் பழுப்பு நிறம், நடுநடுவே சில கொட்டைகள் இன்னும் வெளுத்தே இருக்கின்றன. டிகாக்‌ஷனில் பச்சைப் புல் வாடை. பால் விட்டால் காபி ருசியே தெரியவில்லை. கொட்டை வெடிக்கும் சத்தம் கேட்கும் என்றார்கள், அங்கொன்று இங்கொன்றாக ஏதோ கேட்டது, அவ்வளவுதான்.

வீடியோக்களில் 8 நிமிடத்தில் நல்ல பழுப்பாக எடுக்கிறார்கள். எனக்கு 20 நிமிடமும் போதவில்லை. வெப்பத்தைக் கூட்டவா, நேரத்தைக் கூட்டவா?

சேர்வராயன்

கமலி, உங்கள் பதிவிலேயே விடை இருக்கிறது: 250 போட்டு 223 வந்தது. அதாவது 10.8 சதவீதம் குறைந்திருக்கிறது. நன்றாகக் காய்ந்த பச்சைக் கொட்டையிலேயே 10 முதல் 12 சதவீதம் ஈரம் இருக்கும். ஆக, உங்கள் கொட்டையிலிருந்து போனது பெரும்பாலும் தண்ணீர்தான். வறுவல் என்பது அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. பால் காபிக்கு எடை 15லிருந்து 17 சதவீதம் வரை குறைய வேண்டும். அடுக்களைத் தராசு ஒன்று இருந்தால் போதும், நிறத்தைப் பற்றி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மஞ்சள் பல்பில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம். எடை அப்படி ஏமாற்றாது.

திரையில் காட்டும் வெப்பத்தை நம்பி ஓட்டாதீர்கள். அந்த மெஷினில் தெரிவது உருளையிலிருந்து வெளியேறும் காற்றின் சூடு, கொட்டையின் சூடு அல்ல. வறுபடும்போது கொட்டை இரண்டு கட்டமாக வெடிக்கும். முதல் வெடிப்பு கொட்டையின் உள்ளே 200 டிகிரியை ஒட்டி வரும், இரண்டாவது 225ஐ ஒட்டி. அந்த நேரத்தில் திரை வேறு ஏதாவது காட்டும். 240 என்று வைத்திருந்தாலும் மெஷின் உண்மையில் 240ஐத் தொட்டதா, எத்தனையாவது நிமிடத்தில் தொட்டது என்று பார்த்தீர்களா?

கோவை_கமலி

@சேர்வராயன் பார்த்தேன் சார். 232க்கு மேல் ஏறவே இல்லை. கடைசி ஐந்து நிமிடம் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

மின்கம்பி_திருச்சி

அப்படியென்றால் காபியைவிட கரண்ட் பக்கம் பார்ப்பது நல்லது. மாலை ஏழு மணிக்கு உங்கள் வீட்டில் வோல்டேஜ் எவ்வளவு? ப்ளக்கில் செருகும் சின்ன மீட்டர் கிடைக்கும், வோல்ட், வாட் இரண்டும் காட்டும். அதை மாட்டி, மெஷின் ஓடும்போது பாருங்கள். மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துப் பயனில்லை.

ஏன் சொல்கிறேன் என்றால், ஹீட்டர் காயிலுக்குக் கிடைக்கும் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 1300 வாட் இழுக்கும் காயில், 210 வோல்ட்டில் 1084 வாட்தான் கொடுக்கும். 200க்கு இறங்கினால் 983 வாட். வோல்டேஜ் 13 சதவீதம் குறைந்தால் சூடு கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு போய்விடுகிறது. மெஷினில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே வறுவல் மந்தமாகும். எல்லார் வீட்டிலும் விளக்கும் ஏசியும் மோட்டாரும் ஓடும் நேரத்தில் வறுக்க உட்காராதீர்கள்.

அப்புறம் எந்த ப்ளக்கில் மாட்டினீர்கள்? 1300 வாட் என்பது 5.7 ஆம்பியர். சாதாரண 6 ஆம்பியர் ப்ளக்கின் விளிம்பில் நிற்கிறது. கால் மணி நேரத்துக்கு மேல் விடாமல் இழுத்தால் பழைய ப்ளக் சூடேறும். 16 ஆம்பியர் பவர் ப்ளக்கில் நேராக மாட்டுங்கள். மெல்லிய ஒயர் எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டவே வேண்டாம், வழியிலேயே வோல்டேஜ் இறங்கும், ஒயரும் கொதிக்கும்.

கோவை_கமலி

எக்ஸ்டென்ஷன் பெட்டிதான் அண்ணா. புகைக்காக பால்கனிக்குக் கொண்டுபோனேன். மீட்டர் வாங்கிவிட்டு வருகிறேன்.

ஸ்கார்பரோ_செல்வன்

வணக்கம் கமலி. வீடியோவில் 8 நிமிடம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பார்த்தது காற்றில் வறுக்கும் மெஷினாக இருக்கும். நான் பாவிப்பதும் அந்த வகைதான், ஃப்ரெஷ்ரோஸ்ட். கொட்டை முழுக்கச் சூடான காற்றில் மிதந்தபடியே வறுபடும், ஒரு தடவைக்கு 120 கிராம் அளவுதான் போடலாம். அதில் 7 முதல் 9 நிமிடத்தில் கோப்பி தயார். உங்களுடையது உருண்டு உருண்டு வறுக்கிறது, கொட்டையும் இரண்டு மடங்கு. 14 முதல் 18 நிமிடம் என்பது அதற்கு நியாயமான நேரம். என்னுடைய கணக்கை நீங்கள் எடுத்தால் பச்சையாக வரும், உங்களுடைய கணக்கை நான் எடுத்தால் கரிதான் மிஞ்சும்.

பால்கனி என்று சொன்னதால் இன்னொன்று. இங்கே பனிக்காலத்தில் கராஜில் மைனஸ் 10 பாகை இருக்கும்போது வறுத்தால் வெயிற்காலத்தைவிட நேரம் இழுக்கும். கோவையில் அவ்வளவு குளிர் இல்லை, ஆனால் காற்று அடிக்கும் இடம் என்றால் மெஷின் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். காற்றுக்கு ஒரு மறைப்பு வேண்டும்.

மங்களம்_மாமி

குழந்தே, நான் மெஷின் பார்த்ததில்லை. எங்காத்தில் இரும்பு உருளையும் கரி அடுப்பும்தான். கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு நிமிஷம் விட்டால் ஒரு பக்கம் கருகிப் போகும். பீபரியும் (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் கொட்டை) பிளான்டேஷன் ஏயும் பாதிக்குப் பாதி, ஆனால் சேர்த்து வறுக்க மாட்டோம். பீபரி உருண்டையாக இருப்பதால் உருளையில் தானே சீராக உருளும், தட்டைக் கொட்டை அப்படி இல்லை. தனித்தனியாக வறுத்து, ஆறினப்புறம் கலக்கணும்.

எப்போது இறக்குவது என்று கேட்டால், மூக்கால்தான் சொல்வேன். முதலில் பச்சை வாடை, அப்புறம் வைக்கோல் வாடை, அப்புறம் ரொட்டி சுடுகிற மணம், அது போய் காபி மணம் வரும். அந்தக் காபி மணத்தில் காரம் ஏறி, புகை கண்ணைக் கரிக்க ஆரம்பிக்கும் நேரத்தில் இறக்கிடணும். கொட்டையின் மேல் எண்ணெய் மினுமினுக்கும் வரை விடக்கூடாது. உடனே முறத்தில் கொட்டிப் புடைத்தால் தோலும் பறக்கும், சூடும் அடங்கும். வறுத்ததை அன்றைக்கே அரைத்துப் போட்டால்தான் காபி.

வெளிர்வறுவல்

மாமி சொல்வதில் எனக்கு ஒப்புதல் இல்லாத ஒரே இடம் இறக்கும் பதம். கொட்டையில் இருக்கும் பழவாசனை, புளிப்பு, இனிப்பு எல்லாம் முதல் வெடிப்பு முடிந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் ஏற்காடும் ஒன்றுதான், குடகும் ஒன்றுதான். இவ்வளவு செலவு செய்து மெஷின் வாங்கிவிட்டு, தோட்டத்தின் ருசியைக் கரித்துக் குடிக்க வேண்டுமா? 13 சதவீத எடை இழப்பில் நிறுத்திப் பாருங்கள், பால் இல்லாமல் குடித்துப் பாருங்கள்.

சேர்வராயன்

@வெளிர்வறுவல் பால் இல்லாமல் குடிப்பவருக்கு நீங்கள் சொல்வது சரி. எங்கள் தோட்டத்து எஸ்.795 என்ற அராபிகா ரகத்தை நானும் அப்படிக் குடிப்பவன்தான். ஆனால் கமலி கேட்டது டிகாக்‌ஷன். அரை டம்ளர் கொதிக்கும் பாலுக்கு அடியில் போய் நிற்க வேண்டிய ருசி அது. வெளிர் வறுவலின் புளிப்பு பாலோடு சேர்ந்தால் பழவாசனையாகத் தெரியாது, பால் திரிந்ததோ என்றுதான் தோன்றும். கசப்பும் அடர்த்தியும் அங்கே குறை ஆகாது, பாலும் சர்க்கரையும் அவற்றை எதிர்பார்த்துத்தான் சேர்க்கப்படுகின்றன. ஃபில்டருக்கு இரண்டாவது வெடிப்பின் வாசல் வரை போக வேண்டும், உள்ளே போகக் கூடாது.

கமலி, சத்தம் பிடிபடவில்லை என்றீர்களே. உங்கள் மெஷினில் கொட்டை உருளும் சத்தமும் காற்றாடிச் சத்தமும் சேர்ந்து காதை மறைக்கும். முதல் வெடிப்பு கனமாக, தனித்தனியாக 'டக்', 'டக்' என்று விழும். நல்ல சூட்டில் வறுத்தால் சீக்கிரமே அடர்ந்து ஒன்றின்மேல் ஒன்றாக வரும். உங்களுக்கு அங்கொன்று இங்கொன்றாகக் கேட்டதே, அது சூடு போதாததன் அடையாளம். அது ஓய்ந்து சற்று அமைதியாகும். அப்புறம் வருவது இரண்டாவது, தாளிக்கும்போது கடுகு பொரிவது மாதிரி மெல்லியதாக, வேகமாக இருக்கும். அந்தச் சத்தம் நாலைந்து கேட்டதும் நிறுத்துங்கள்.

கண்ணாடி உருளை என்பதால் உங்களுக்கு இன்னொரு வசதி. நல்ல டார்ச் வெளிச்சத்தில் ஒரு கொட்டையின் நடுக்கோட்டைப் பாருங்கள். மஞ்சளாகும்போது கோடு இறுகி இருக்கும், மேல்தோல் சுருங்கிக் கறைபட்ட மாதிரி தெரியும். வெடிப்பு நெருங்க நெருங்க அந்தக் கோடு வாய் திறக்கும், உள்ளே சிக்கிய வெள்ளித்தோல் வெளிறிய இழையாகத் தெரியும். வெடித்த பிறகு கொட்டை உப்பிச் சுருக்கம் விரியும். சுருக்கம் இருக்கும்போதே நிறுத்தினால் பால் காபிக்குப் பற்றாது. ஆறின பின் ஒரு கொட்டையைக் கடித்து இரண்டாகப் பிளந்து வெளிநிறத்தையும் உள்நிறத்தையும் ஒப்பிடுங்கள். வெளியே பழுப்பாகவும் நடுவில் வெளிறியும் இருந்தால் உள்ளே வேகவில்லை. கடிக்கும்போது 'நறுக்' என்று உடையாமல் ரப்பராக இழுத்தாலும் அதே கதைதான்.

கோவை_கமலி

முதல் பேட்ச் கொட்டையை இப்போதுதான் கடித்துப் பார்த்தேன். உடையவே இல்லை, பல் பதிகிறது. உள்ளே வெளிறித்தான் இருக்கிறது.

மீட்டரும் வந்துவிட்டது. மாலையில் பால்கனி எக்ஸ்டென்ஷனில் மெஷின் ஓடும்போது 201 வோல்ட். காலை ஆறு மணிக்கு, சமையலறை பவர் ப்ளக்கில், ஓடும்போதே 226!

மின்கம்பி_திருச்சி

பார்த்தீர்களா! 226இல் 1255 வாட் கிடைக்கும். 201இல் 993தான். அதிகாலையிலேயே வறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெபிலைசர் வாங்கலாமா என்று கேட்பீர்கள். காலையில் இந்த அளவு வருகிறதென்றால் இப்போதைக்குத் தேவையில்லை.

கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது என்பதை வறுக்கத் தொடங்கும் முன்பே முடிவு செய்து வையுங்கள். உருளை நின்றுவிடும், காற்றாடி நின்றுவிடும், ஆனால் கொட்டைக்குள் இருக்கும் சூடு நிற்காது. வெடிப்பு நேரத்தில் போனால் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும் கொட்டை தானாகவே கருகிக்கொண்டு போகும், தீப்பிடிக்கவும் கூடும். வீட்டு இன்வர்ட்டர் இந்த லோடைத் தாங்கும் என்று நம்பாதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, தடித்த கையுறை போட்டு உருளையை எடுத்து, அகலமான ஸ்டீல் சல்லடையில் கொட்டுங்கள். ஒரு டேபிள் ஃபேனை மட்டும் இன்வர்ட்டர் லைனில் தயாராக வையுங்கள், அது போதும்.

உருளைக்குள் தீ தெரிந்தால் மட்டும் திறக்கக் கூடாது. கரண்டை நிறுத்திவிட்டு மூடியபடியே விடுங்கள், திறந்தால் காற்றுதான் உள்ளே போகும். தண்ணீர் ஊற்ற வேண்டாம். தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

தோல் சேரும் பெட்டியை ஒவ்வொரு பேட்சுக்குப் பிறகும் காலி செய்யுங்கள். காய்ந்த தோல் காகிதத்தைவிட வேகமாகப் பற்றும். அடுப்படியில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும், ஆனால் அது மெஷின் மேலேயே காற்றை இழுக்கும்படி வைக்க வேண்டாம்.

ஸ்கார்பரோ_செல்வன்

டேபிள் ஃபேன் கரண்ட் போகாவிட்டாலும் உதவும். அந்த மெஷின் உள்ளுக்குள்ளேயே ஆற்றும்போது மெதுவாகத்தான் சூடு இறங்கும், அந்த நேரமும் கொட்டை வறுபட்டுக்கொண்டுதான் இருக்கும். ஒன்று, சற்று முந்தியே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் வெளியே எடுத்துச் சல்லடையில் கொட்டி ஃபேனுக்கு முன்னால் குலுக்க வேண்டும். நாலு நிமிடத்துக்குள் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிட்டால் நல்லது. மாமியின் முறம் செய்த வேலை அதுதான்.

வெளிர்வறுவல்

அன்றைக்கே அரைக்க வேண்டும் என்று மாமி சொன்னதையும் பேசிவிடலாம். வறுத்த கொட்டை நாள்கணக்கில் கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அன்றே அரைத்து ஃபில்டரில் போட்டால் வெந்நீர் ஊற்றியதும் பொடி பொங்கி மேலே வரும். நீர் பொடிக்குள் சீராக இறங்காது, டிகாக்‌ஷன் நீர்த்துப் போகும். இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

மங்களம்_மாமி

பொங்கும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் நாங்கள் அரைத்த கையோடு போட மாட்டோம். காலையில் அரைத்ததை அகலத் தாம்பாளத்தில் பரப்பி, மேலே துணி மூடி வைத்து, சாயங்காலக் காபிக்குத்தான் முதலில் எடுப்போம்.

வெளிர்வறுவல்

அப்படியென்றால் சரி மாமி. அரைக்கும்போதே வாயு பெரும்பாலும் போய்விடும், மிச்சம் அந்தப் பரப்பி வைக்கும் நேரத்தில் போகும். கறுப்பாக வறுத்த கொட்டை சீக்கிரமே வாயுவை விட்டுவிடவும் செய்யும். கொட்டையாகவே வைத்து அன்றாடம் அரைப்பவர்களுக்குத்தான் நான் சொன்ன இரண்டு மூன்று நாள். கமலி, உங்களுக்கு எது வசதியோ அதைச் செய்யுங்கள்.

கோவை_கமலி

ஞாயிறு காலை வறுத்த கணக்கு இதோ. சேர்வராயன் சாரிடம் தனிச்செய்தியில் கேட்டுக்கொண்டு 200 கிராமாகக் குறைத்தேன். அதே ஏற்காடு கொட்டை, அதே 240 டிகிரி, சமையலறை ப்ளக், 226 வோல்ட்.

5 நிமிடத்தில் எல்லாக் கொட்டையும் மஞ்சள். ரொட்டி மணம் நன்றாகத் தெரிந்தது. 10 நிமிடம் 40 விநாடியில் முதல் வெடிப்பு, இந்தத் தடவை தெளிவாக, அடர்த்தியாகக் கேட்டது! இரண்டு நிமிடம் போல வெடித்து ஓய்ந்தது. 14 நிமிடம் 20 விநாடியில் அந்தக் கடுகுச் சத்தம் மூன்று நான்கு. உடனே நிறுத்தி, சல்லடையில் கொட்டி, ஃபேன் முன்னால் ஆற்றினேன். 167 கிராம். 16.5 சதவீதம். கடித்தால் நறுக்கென்று உடைகிறது, உள்ளும் புறமும் ஒரே நிறம்.

பொடியை மாமி சொன்னபடி பரப்பி வைத்து மாலையில் டிகாக்‌ஷன் போட்டேன். பால் விட்ட பிறகும் காபி தெரிகிறது! மாமனார் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். ஆனால் கடைக் காபியில் இருக்கும் அந்தக் கெட்டி நிறம் மட்டும் குறைகிறது. இன்னும் கறுப்பாக வறுக்கவா?

சேர்வராயன்

வேண்டாம், இந்தப் பதத்தை விடாதீர்கள். நீங்கள் தேடும் கெட்டி நிறம் சிக்கரி தருவது. கடைப் பொடியின் பாக்கெட்டைப் பாருங்கள், காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை என்று அச்சிட்டிருக்கும். சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் சட்டம், ஆக 49 வரை சிக்கரி இருக்கலாம். சிக்கரி ஒரு செடியின் வேர், அதை உங்கள் மெஷினில் கொட்டையோடு சேர்த்து வறுக்க முடியாது. வறுத்து அரைத்த பொடியாகவே தனியாக வாங்கி, காபியை அரைத்த பிறகு கலந்துகொள்ளுங்கள். 10 சதவீதத்தில் தொடங்கிப் பாருங்கள், 20ஐத் தாண்ட உங்களுக்கே மனம் வராது.

மங்களம்_மாமி

சிக்கரி வேண்டாதவர்கள் பீபரியைக் கொஞ்சம் கூட்டிப் போடலாம். கூடவே டிகாக்‌ஷனை அவசரப்படுத்தாதே, முதல் டிகாக்‌ஷன் முழுக்க இறங்கட்டும். பாதி கெட்டித்தன்மை அதிலேயே வந்துவிடும்.

புதுவரவு_மதுரை

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நானும் வாங்கப் போகிறேன். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் ஃப்ரெஷ்ரோஸ்ட் கொண்டுவருகிறேன் என்கிறார். இங்கே ஓடுமா?

மின்கம்பி_திருச்சி

@புதுவரவு_மதுரை அது 120 வோல்ட் மெஷின். நேராக மாட்டினால் அடுத்த நொடியே போய்விடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவும் 2000 வாட்டுக்குக் குறையாதது. எடை, விலை, சத்தம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 230 வோல்ட் மெஷினாகவே வாங்குவது நல்லது.

கோவை_கமலி

சிக்கரி 10 சதவீதம் கலந்ததும் நிறம் சரியாகிவிட்டது. எல்லாருக்கும் நன்றி. அடுத்து மான்சூன்ட் மலபாரும், கூடலூர் ரோபஸ்டாவும், தாண்டிக்குடி கொட்டையும் ஒவ்வொரு கிலோ வாங்கிப் பார்க்க ஆசை. இதே 240, 14 நிமிடம் அவற்றுக்கும் ஒத்துவருமா?

சேர்வராயன்

ஒத்துவராது. இப்போதே மூன்றையும் வாங்காதீர்கள் என்பேன். முதலில் கையில் இருக்கும் அதே லாட்டில் 3 கிலோவாவது வாங்கி வறுத்துத் தீருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு பேட்சில் வெப்பத்தை 235 ஆக்குங்கள், இன்னொன்றில் அரை நிமிடம் முன்னால் நிறுத்துங்கள். கொட்டையின் எடை, வோல்டேஜ், மஞ்சளான நேரம், முதல் வெடிப்பு, நிறுத்திய நேரம், வெளியே வந்த எடை, இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். குடித்த பிறகு ருசியையும் அதே வரியில் எழுதுங்கள். கொட்டையையும் சேர்த்து மாற்றினால், ருசி மாறியது எதனால் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அதற்கப்புறம் தாண்டிக்குடிக்குப் போங்கள். அதுவும் மலையில் விளைந்த அராபிகா, கழுவிய கொட்டைதான் என்றால் உங்கள் கணக்கு கிட்டத்தட்டப் பொருந்தும். ரோபஸ்டா அடுத்து. அதன் வெடிப்புச் சத்தம் அடங்கி இருக்கும், காதை இன்னும் கூர்மையாக்க வேண்டும். கழுவாமல் பழத்தோடு காயவைத்த செர்ரி வகையாக இருந்தால் தோலும் நிறைய வரும், பெட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மான்சூன்ட் மலபாரைக் கடைசியாக வையுங்கள். கடற்கரைக் கிடங்குகளில் பருவக்காற்றின் ஈரத்தில் ஊறி உப்பிய கொட்டை அது. வறுப்பதற்கு முன்பே வெளுத்து மஞ்சளாக இருக்கும், நிறத்தை வைத்து எந்தக் கட்டத்தையும் சொல்ல முடியாது. அடர்த்தியும் குறைவு, ஆரம்பத்திலேயே முழுச் சூடு கொடுத்தால் மேலே கருகிவிடும். 225இல் தொடங்கி, மஞ்சள் தாண்டி மணம் மாறிய பிறகு 235க்கு ஏற்றுங்கள்.

பச்சைக் கொட்டையை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். ஈரம் படாத, வெயில் படாத இடத்தில், கடுகு டப்பாவிலிருந்தும் மசாலா டப்பாவிலிருந்தும் தள்ளி வையுங்கள், பக்கத்தில் இருக்கும் வாடையை அது இழுத்துக்கொள்ளும். எங்கள் பக்கம் அராபிகா அறுவடை நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை போகும். காயவைத்து, தோல் நீக்கி, தரம் பிரித்துக் கைக்கு வர மேலும் சில வாரம் ஆகும். மார்ச் வாக்கில் வாங்கினால் அந்த வருடத்துக் கொட்டை கிடைக்கும். வாங்கும்போது எந்த வருடத்து அறுவடை என்று கேட்டு, மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பார்த்து வாங்குங்கள். கோணி வாடை அடித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.